வாசிப்பு வாரப் படங்கள்

ஏப்ரல் 6
வாசிப்பு வாரம் தொடக்கம். பேனர் கட்டி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து, படம் எடுத்து ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்குள் மணி அடித்துவிட்டது. வாசிக்கத்தான் நேரமில்லை.

ஏப்ரல் 7
நேற்றைய படத்தில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஹேமஸ்ரீ புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள். தலைமையாசிரியர் திவாகரனிடம் சொன்னேன்.
"யாரு டீச்சர் பெருசாக்கிப் பாக்கப் போறா? மேலிடத்துல சூப்பர்னு சொல்லிட்டாங்க லா."
அவளுக்கு எழுத்துக்கூட்டவே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து தினமும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம் எங்கே போகிறது?

ஏப்ரல் 17
வெள்ளி. எங்கள் மாநிலத்தில் பள்ளிக்கு வார விடுமுறை. வாட்ஸ்அப்புக்கு இல்லை.

மே 4
ஹேமஸ்ரீயோடு உட்கார்ந்தேன். 'பட்டம்' வரை வந்துவிட்டோம். கதவருகே திவாகரன் சார்.
"டீச்சர், பல் துலக்குற திட்டத்துக்குப் போட்டோ வரலையே!"
"அப்புறம் எடுக்கிறேன் சார். இந்தப் பிள்ளை இப்பதான்—"
"போட்டோ இல்லன்னா நடக்கலன்னு அர்த்தம் டீச்சர்."
போய் எடுத்துவிட்டு வந்தேன். பட்டத்தில் 'ப'கூட அவளுக்கு நினைவில்லை. சீ, என்ன பிழைப்பு இது!

மே 15
பாலிங் ஊரில் என் கணவர் மணியத்தின் அத்தை இறந்துவிட்டார். மாலை போடும்போது என் கை தானாகக் கைப்பேசியை எடுத்திருக்கிறது. "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று வேறு சொல்லியிருக்கிறேன்.
மணியம் பல்லைக் கடித்துக்கொண்டு, "செத்தவங்களயாவது விடு லா" என்றார்.
காரில் அழுதேன். அத்தைக்காக அல்ல.

மே 18
விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பித்துவிட்டேன். ஓய்வூதியம் குறையும். குறையட்டும்.

அக்டோபர் 29
பிரியாவிடை. பேனரில் என் முகம். பொன்னாடை போர்த்தினார்கள். படம் சரியாக விழவில்லையாம். கழற்றி மறுபடி போர்த்தினார்கள். திவாகரன் சார் நிஜமாகவே அழுதார். பாவம், அவருக்கும் மேலே ஒரு குழு இருக்கிறது.
ஹேமஸ்ரீ வாழ்த்து அட்டை கொடுத்தாள். அதில் எழுதியிருந்ததை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

நவம்பர் 3
பாடாங் செராய் சந்தையில் ஹேமஸ்ரீயின் அம்மா உமாராணியைப் பார்த்தேன். அவளுக்குத் தொழிற்சாலையில் மாலை வேலை. "போற வழியில பிள்ளைய என் வீட்ல விட்டுட்டுப் போ" என்றேன்.
"எவ்ளோ டீச்சர் குடுக்கணும்?"
"போடி!"

டிசம்பர் 2
தினமும் மாலை வருகிற ஹேமஸ்ரீ, இன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் முழுதாக வாசித்தாள். வரியில் விரலை வைத்து, இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு. முடித்ததும் அவளாகவே அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.
கைப்பேசி உள்ளே அறையில் கிடந்தது. எடுக்க எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.
படம் இல்லை. ஆக, திவாகரன் சார் கணக்கில் இது நடக்கவே இல்லை.