தெருவைப் பார்த்த இரண்டு ஜன்னல்கள்

அத்தான்,

இன்று காலை நான் புதிதாக வாங்கிய செம்பூர் வீட்டுக்கு ஜன்னல் அளவெடுக்க ஆள் வந்தான். வடக்கத்தி ஆள், காதில் பென்சில். மாதிரிக்கு என்று ஒரு முழ அலுமினியச் சட்டத்தை என் கையில் கொடுத்தான். அதில் கண்ணாடியைப் பிடிக்கும் புது ரப்பரின் வாடை. முன்ஹாலில் பாதி தூரம் போனவன் திரும்பி நின்று, "சேட், பஹ்லே கிச்சன் நா? ஆப் லோக் கா தோ யஹீ ரிவாஜ் ஹை" என்றான். முதலில் அடுக்களைதானே, உங்கள் ஆட்களின் வழக்கமே அதுதானே என்று கேட்கிறான். தாராவியில் நம் ஜனங்களின் வீடுகளில் நிறைய வேலை பார்த்திருக்கிறானாம். எல்லாரும் அடுக்களைக்குத்தான் முதலில் போடச் சொல்வார்களாம்.

குடித்துக்கொண்டிருந்த டீ எனக்குப் புரையேறிவிட்டது. உங்கள் நினைப்பு வந்தால் அப்படித்தான் ஆகிறது.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உங்களுக்கு நான் மடல் எழுதுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இறந்தவரைப் பற்றி நல்லதாகத்தான் பேசவேண்டுமாம். சரி, உங்கள் சட்டை நல்ல வெளுப்பு. அதில் யாரும் குறை சொல்லமுடியாது. நல்லதைச் சொல்லியாகிவிட்டது, இனி மற்றதைப் பேசலாம்.

தாராவியில் அந்த மாடி வீடு உங்களுக்கு நினைவிருக்கும். கீழே பலசரக்குக் கடை, மேலே இரண்டே அறை. முன்னறையின் இரண்டு ஜன்னல்களும் தெருவைப் பார்க்கும். பின்னால் அடுக்களை, அதன் ஒற்றை ஜன்னல் மேற்கே நாலா என்கிற சாக்கடைக் கால்வாயையும் அதைத் தாண்டி மாகிம் உப்பங்கழியையும் பார்க்கும். பம்பாயில் மழை எந்தப் பக்கமிருந்து வரும் என்று இங்கே வந்து ஒரு ஆடி பார்த்தவனுக்குத் தெரியும். உங்களுக்கு இருபது ஆடி போதவில்லை.

அந்த அடுக்களையில்தான் அக்கா சாம்பார்ப் பொடி செய்தாள். மிளகாய், மல்லி, பருப்பு எல்லாம் வறுத்து, மெஷினில் திரித்துக்கொண்டு வந்து, சலித்து, ஆற வைத்து, பொட்டலம் கட்டி, மாட்டுங்காவில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவாள். மழை பிடிப்பதற்கு முன்னால் நாலு மாதத்துக்கான பொடியை அந்த வீடுகளில் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவளுக்கு வருஷத்தில் அதுதான் அறுவடை. நீங்கள் கம்பெனியில் டைம்கீப்பர். உங்கள் சம்பளம் கஞ்சி போட்ட சட்டைக்கும், ஊர்ச் சங்கத்து ஆட்களுக்கு வாங்கிக் கொடுத்த டீக்கும் சரியாக இருந்தது. வீட்டில் எரிந்த அடுப்பு பொடி எரித்த அடுப்பு.

ஜன்னல்கள் மூன்றும் உளுத்துப் போயிருந்தன. மழையில் மரம் ஊதிப்போய்ச் சாத்தமுடியாது, வெயிலில் சுருங்கித் தாழ் விழாது. அக்கா சீட்டுப் போட்டுச் சேர்த்து, அந்த வருஷம் எடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வரச்சொல்லி, "ஏல, நீ கணக்கு தெரிஞ்சவன். இதுல என்ன செய்யலாம்னு சொல்லு" என்றாள்.

நான் பழைய எண்ணெய் டப்பாவை வாங்கி, கழுவி, நசுங்கலை எடுத்து விற்கிறவன். தலையில் டப்பா சுமந்து தொடங்கிய வியாபாரம். எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே முதலில் ஈயம் வைத்து அடை. உங்கள் முன்னறைத் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினேன். அடுக்களைக்குப் புது அலுமினிய ஜன்னல், அதன் தலைக்கு மேல் மழை தடுக்க ஒரு சஜ்ஜா. மிச்சத்தில், குர்லாவில் இடித்த பங்களாக்களின் மரம் விற்கிற இடத்தில் பழைய பர்மாத் தேக்கு ஜன்னலாக ஒன்று பார்த்து முன்னறைக்கு. இன்னொன்று அடுத்த வருஷம். பழசு என்றாலும் நம் பேரன் காலம்வரை நிற்கும் மரம்.

நீங்கள் காலை நீட்டி அந்தக் கணக்கை மிதித்துக்கொண்டே சிரித்தீர்கள்.

"என்ன மாப்ளே, அடுக்களை ஜன்னலை எவன் பாக்கப்போறான்? அந்தப் பக்கம் எருமைதான் நிக்குது. எருமைக்குக் கண்ணாடி காட்டணுமாவே?"

"எருமை பாக்காது அத்தான். மழை பாக்கும்."

"தகரம் விக்கிறவருக்கு எல்லாம் ஓட்டையாத்தான் தெரியும். அடுத்த மாசம் சங்கத் தலைவர் அண்ணாச்சி நம்ம வீட்டுக்கு டீ குடிக்க வாராரு. செயலாளர் ஆகப்போறவன் வீட்டு ஜன்னலு கரையான் அரிச்சுக் கெடந்தா நாலு பேரு என்ன பேசுவாவ?"

உள்ளே சல்லடைச் சத்தம் நின்றுபோனது. அக்கா வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சல்லடை மறுபடியும் ஓடியது.

அடுக்களை ஜன்னலை நானே போட்டுத் தருகிறேன் என்றேன். அதற்கு நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. "மச்சினன் காசுல நான் காத்து வாங்கமாட்டேன்வே!" என்ன வீரம்! மச்சினன் காசு உங்களுக்குக் கசக்கும். பெண்டாட்டி மிளகாய் வறுத்துச் சேர்த்த காசு மட்டும் இனித்துக்கொண்டு உள்ளே போகும்.

அந்தச் சீட்டுப் பணம் முழுதும் தெருவைப் பார்த்த இரண்டு ஜன்னல்களுக்குப் போனது. பக்கவாட்டில் ஓடுகிற அலுமினியக் கதவு, பழுப்புக் கண்ணாடி. அப்போது அது நம் பக்கத்தில் புதுசு. மாட்டிய அன்று நீங்கள் வீட்டுக்குள் இருக்கவே இல்லை. எதிரே பான் கடையில் நின்றுகொண்டு உங்கள் ஜன்னலை நீங்களே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். போகிறவன் வருகிறவனை எல்லாம் மாடிக்கு இழுத்துவந்து, "பாரும், ஒத்த வெரலு!" என்று ஒரு விரலால் தள்ளிக் காட்டினீர்கள். ஒற்றை விரலால் நீங்கள் செய்த உருப்படியான வேலை வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

அடுக்களை ஜன்னலுக்கு நான் டப்பாத் தகரத்தை விரித்து ஆணி அடித்துக் கொடுத்தேன். எண்ணெய்க் கம்பெனியின் மயில் தலைகீழாக நாலாவைப் பார்த்துத் தொங்கியது. காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அந்த இருட்டில் மிளகாய் நெடியோடு அவள் நின்று வேலை செய்தாள்.

மழை ஒரு மத்தியானம் பிடித்தது. கழிப்பக்கத்திலிருந்து வந்த காற்று ஆணியோடு தகரத்தைப் பிய்த்தது. உளுத்த சட்டத்தில் ஆணி எவ்வளவு நேரம் பிடிக்கும்? அக்கா மாட்டுங்காவில் முதல் நடை கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள், தரையில் துணி விரித்து ஆறப்போட்டிருந்த பொடி சிவப்புக் குழம்பாக ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் முன்னறையில்தான் இருந்தீர்கள். உள்ளே போய் எட்டிப் பார்க்கவில்லை. சேதி கேட்டு நான் ஓடி வந்தபோது என்னிடம் என்ன சொன்னீர்கள் தெரியுமா? "மாப்ளே, இந்தப் பக்கம் பாரும். ஒரு சொட்டு உள்ள வரல."

அந்த நிமிஷம் உங்களை அந்தப் பழுப்புக் கண்ணாடி வழியாகவே தெருவில் தள்ளியிருப்பேன். அக்கா முகத்துக்காக விட்டேன்.

தப்பியதைக் காயவைத்து அவள் மறுபடியும் மாட்டுங்காவுக்குக் கொண்டுபோனாள். ஒரு வீட்டு மாமி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஈரம் கோத்துண்டிருக்கேம்மா. எனக்கு வேண்டாம்" என்று பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தாளாம். மாமி மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். ஆனால் ஒரு வீடு திருப்பினால் அந்தக் கட்டிடம் முழுவதும் திருப்பும் என்பது வியாபாரம் செய்கிறவனுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அன்று திரும்பி வந்து அவள் அழவில்லை. வறுகடாயைக் கவிழ்த்து வைத்தாள். எனக்கு அதைப் பார்த்துத்தான் பயம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தலைவர் அண்ணாச்சி வந்தார். அரிசி வியாபாரி, முலுண்டில் புது ஃப்ளாட் வாங்கியிருந்தவர். கூடச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர். நானும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அவரை நாற்காலியில் உட்காரக்கூட விடாமல் ஜன்னலிடம் கூட்டிப் போனீர்கள். "ஒத்த வெரலு அண்ணாச்சி!"

அவரும் தள்ளிப் பார்த்தார். "ஏ, வெண்ணெ மாதிரில்லா போவுது! முலுண்டுல பால்கனியை அடைக்கணும்வே. சாரல் தாங்கல. இப்படித்தான் ஒண்ணு தேடிட்டு இருக்கேன். எங்க வாங்கினீரு?"

அதற்குக் கடை பெயரைச் சொல்லியிருந்தால் உங்கள் ஜன்னல் தப்பியிருக்கும். உங்களுக்குத்தான் வாய் நிற்காதே. "இது இனிமே கெடைக்காது அண்ணாச்சி. இந்தக் கண்ணாடி பம்பாயிலயே ஸ்டாக் இல்ல. நம்ம கையில இருக்கதுதான் கடைசி" என்றீர்கள்.

அக்கா டீத் தட்டோடு வந்து நின்றாள். கை முழங்கைவரை மிளகாய்ச் சிவப்பு.

"அண்ணாச்சி, பிடிச்சிருந்தா இதையே கழட்டிட்டுப் போங்க. வாங்குன வெலை தந்தாப் போதும்" என்றாள். "எனக்கு அடுக்களையில ஜன்னல் கெடையாது. நான் பொய் சொல்லல, வேணும்னா வந்து பாருங்க."

நம் வீடுகளுக்கு வருகிற ஆண்பிள்ளை அடுக்களைப் பக்கம் திரும்பமாட்டான். அண்ணாச்சி நேரே உள்ளே போனார். சட்டத்தில் கட்டியிருந்த சாக்கையும், கவிழ்ந்து கிடந்த கடாயையும், சிவந்து கிடந்த தரையையும் பார்த்துவிட்டு வந்தார். டீயைத் தொடவில்லை.

"என்னவே இது?" என்று உங்களைக் கேட்டார்.

இன்றைக்குத் தொலைந்தாய் என்று நான் மனதுக்குள் கொண்டாடினேன். ஆனால் உங்கள் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"அதான் அண்ணாச்சி, நானே ஒங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன். இதைக் கழட்டி அடுக்களைக்குப் போட்டுரலாம்னு பாத்தேன், அளவு சேரல. வித்தாவது அங்க போடணும். பொம்பளைக தீயில நிக்குத எடம் பாருங்க. அங்கதான மொதல்ல ஜன்னல் வேணும்?"

அன்றைக்கும் எனக்கு டீ புரையேறியது. அண்ணாச்சி உங்கள் முதுகில் தட்டினார். "நல்ல மனசுவே ஒமக்கு" என்றார். நம்பினாரா, இல்லை ஸ்டாக் இல்லாத ஜன்னல் கைக்கு வருகிற சந்தோஷமா, அது அவருக்கே வெளிச்சம். மறுநாளே ஆள் வந்து இரண்டையும் கழற்றிக்கொண்டு போனான்.

அடுக்களைக்கு நான் சாக்பீஸால் போட்டபடியே ஜன்னலும் சஜ்ஜாவும் வந்தன. மிச்சப் பணத்தில் மிளகாயும் மல்லியும் வாங்கி அக்கா கடாயை நிமிர்த்தினாள். மாட்டுங்காவில் விட்ட வீடுகளைத் திரும்பப் பிடிக்க அவளுக்கு அடுத்த வருஷ மழைவரை ஆனது, ஆனால் பிடித்தாள். ஜன்னலை விற்ற அந்த மழைக்காலம் முழுக்க உங்கள் முன்னறைக்கு என் டப்பாத் தகரம். பகலிலேயே பல்பைப் போட்டுக்கொண்டு தகரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவனிடமெல்லாம் சொன்னீர்கள்: "நான்தான் சொல்லிட்டேன், நமக்கு எதுக்குவே ஜன்னல், மொதல்ல அவளுக்குப் போடு." அதைச் சொல்லித்தான் செயலாளர் ஆனீர்கள். சங்கத்துக் கூட்டங்களில் மைக்கைப் பிடித்தால் அந்தக் கதை வராமல் இறங்கமாட்டீர்கள். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் சும்மா இருப்பார்களா? வீட்டுக்குப் போய், "செயலாளர் அண்ணாச்சி வீட்டுல அடுக்களைக்குத்தான் மொதல்ல" என்று பிடித்துக்கொண்டார்கள். தெருத் தெருவாக அது பரவியது. கணக்குப் போட்டு நான் உண்மையைச் சொன்னபோது காலால் மிதித்தீர்கள். மேடையேறி நீங்கள் பொய் சொன்னபோது எல்லாரும் ஜன்னல் மாற்றினார்கள். இந்த ஜனங்களை என்ன சொல்ல?

உங்கள் இரங்கல் கூட்டத்திலும் அதைத்தான் பேசினார்கள். "தன் வாசலுக்குத் தகரம் அடித்து, மனைவியின் அடுக்களைக்குக் கண்ணாடி போட்ட மாமனிதர்!" என்று ஒருவர் தழுதழுத்தார். நான் எழுந்துவிட்டேன் அத்தான். சபையில் உடைத்துச் சொல்லிவிடுவது என்றே எழுந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "ஏல, இரி."

வீட்டுக்கு வந்ததும் சண்டை போட்டேன். ஏன் பிடித்து இழுத்தாய், அந்த ஆள் பொய்யை ஏன் காப்பாற்றுகிறாய் என்றேன். அப்போதுதான் உங்கள் கடைசி நாட்களைச் சொன்னாள். முன்னறையில் புழுக்கம் தாங்காமல் பாயை அடுக்களைக்குக் கொண்டுவரச் சொன்னீர்களாம். அந்த ஜன்னலுக்குக் கீழே படுத்துக்கொண்டு, "காத்து நல்லா வருதுல்லா? நான்தான் போடச் சொன்னேன்" என்றீர்களாம். யாரிடம்? அவளிடமே!

"நீ என்னக்கா சொன்னே?"

"ஆமான்னேன்."

"ஏன்?"

"காத்து வந்துச்சுல்லா."

எனக்கு உங்கள்மேல் இருந்த மதிப்பு அன்றும் ஏறவில்லை, இன்றும் ஏறவில்லை. அது தெரியட்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முன்னறையில் உட்காராமல் நேரே போய் அடுக்களை ஜன்னலைப் பார்க்கிற வழக்கம் எனக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் இப்போதெல்லாம் ஆளை எடை போடுகிறேன், கடனுக்குச் சரக்குக் கொடுக்கிறேன். இதுவரை ஏமாறியதில்லை.

புரை அடங்கும்வரை அந்த அளவெடுக்கிற ஆள் டேப்பைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தான். வழக்கமாவது மண்ணாவது, அது ஒரு வெள்ளைச் சட்டைப் புளுகன் கட்டிவிட்ட கதை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஹாங் பாய், ஹமாரா ரிவாஜ் ஹை" என்றேன். ஆமா, எங்க வழக்கம்தான். "பஹ்லே கிச்சன்."