சம்பந்தியின் பெயரைத் தைத்த மெஷின்

மார்ச் 2

சம்பந்தியம்மாவுக்கு,

நலம். நீங்களும் நலமாம். பேத்தி சொன்னாள், நான் கேட்கவில்லை.

நாம் சேர்ந்து நடத்திய தையல் கடையின் பலகையில் உங்கள் பெயருக்கு இடம் போதவில்லை என்று நான் சொன்ன அன்று, கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். போகும்போது மேஜை விளக்கைக்கூட அணைக்கவில்லை. ஆகவே பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். போன் செய்யலாம்தான், பேச ஆரம்பித்தால் பலகையில் வந்து நிற்கும்.

பழைய மெஷினும் அதன் கம்ப்யூட்டரும் போய்விட்டன. நீங்கள் வரைந்த பூக்களின் ஃபைல்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் புது எம்ப்ராய்டரி மெஷினுக்கு அவை புரியவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லா நர்சுகளின் சீருடையிலும் அதே பழைய பூதான் வேண்டும் என்கிறார்கள். இந்த வேலை கைநழுவினால் கடையை மூட வேண்டியதுதான்.

நம் பேத்தியிடம் கம்பைலர் என்று ஒன்று இருக்கிறது. ஃபைலுக்குள் எதற்குப் பின் எது வருகிறது என்று அவள் ஒரு விவரம் எழுதி வைத்து, தன் கம்ப்யூட்டரில் திறக்கிற கறுப்பு ஜன்னலில் ஒரு வரி கட்டளை அடித்தால், அந்த ஃபைலைப் படித்துப் புது மெஷினுக்குப் புரியவைக்கிற புரோகிராமை அதுவே எழுதித் தருமாம். எதற்குப் பின் எது என்பது பழைய மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் உங்களிடம் இருக்கிறது.

"நீயே கேளேன்டி" என்றேன். "ரெண்டு பாட்டிக்கு நடுவுல தூது போற வேலை எனக்கு வேணாம். நீங்களே எழுதிக்கோங்க" என்றுவிட்டாள். பிடிவாதம் உங்கள் வீட்டுப் பக்கம்.

பதில் போடவும்.

இப்படிக்கு,
உங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவள்


மார்ச் 6

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. விளக்கை இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது.

புத்தகத்தை நான் தூக்கிக்கொண்டு வரவில்லை. ஆடுகிற மேஜைக் காலுக்கு நீங்கள் அதை முட்டுக் கொடுத்திருந்தீர்கள். காப்பாற்றிக் கொண்டுவந்தேன்.

பேத்தியிடம் சொல்லுங்கள். ஃபைலின் ஆரம்பத்தில் பூவின் பெயர். அடுத்து வரைந்தவர் பெயர், அதாவது என் பெயர். அதன்பின் நூல் நிறங்கள். பிறகு வரிசையாகத் தையல்கள்: ஊசி பக்கவாட்டில் எவ்வளவு நகர வேண்டும், மேலே கீழே எவ்வளவு, அங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு எண். குத்துவதற்கு ஒன்று. குத்தாமல் தாண்டுவதற்கு இரண்டு.

என் பெயரை விட்டுவிடாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் மகளை மருமகளாக எடுத்து, இதுவரை ஒரு சொல் சொல்லாதவள்


மார்ச் 11

சம்பந்தியம்மாவுக்கு,

ஒரு சொல் சொல்லாதவளாம். என் மகள் துணி மடிக்கிற அழகை ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னது யார்? அன்று எந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னீர்கள் என்றுகூடச் சொல்வேன்.

உங்கள் பெயரை விட்டுவிடத்தான் சொன்னேன். ஆஸ்பத்திரிப் பூவுக்கு உங்கள் பெயர் எதற்கு? "பாட்டி, அது துணியில தெரியாது. ஃபைல்ல இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு, சொல்லித்தான் ஆகணும்" என்றாள் பேத்தி. "நான் சொல்றதை எழுது" என்றேன். எழுதிக் கட்டளை கொடுத்தாள். கம்பைலர் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் புரோகிராமைக் கொடுத்தது. எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று. இந்த வீட்டில் சொன்ன பேச்சு கேட்கிற ஆள் வேறு யார் இருக்கிறார்கள்?

மெஷின் ஓடியது. வந்தது பூ இல்லை, மிதிபட்ட மரவட்டை. தலைமை நர்ஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன வியாதிங்கம்மா?" என்று கேட்டார்.

பேத்தி சிரித்து முடித்த பிறகு சொன்னாள்: "நாம சொல்றதைக் கம்பைலர் அப்படியே நம்பும் பாட்டி. அங்க பேரே இல்லைன்னு சொல்லிட்டோம். அது கொடுத்த புரோகிராம் அந்தப் பேரோட எழுத்துல கொஞ்சத்தை நூல் நிறம்னு எடுத்துக்கிச்சு, மிச்சத்தைத் தையல்னு நினைச்சுத் தச்சிருச்சு." ஆக, நெளிந்து கிடந்தது உங்கள் பெயர்தான். அதுதான் எங்கேயோ பார்த்த ஜாடையாக இருந்தது.

இப்போது உங்கள் பெயருக்கு இடம் விட்டாயிற்று. பூ வருகிறது. ஆனால் இலை, இதழ் எல்லாம் ஒரே பச்சை. நூல் மாற்ற எங்கே நிற்பது என்று மெஷினுக்குத் தெரியவில்லை. அதற்கு எந்த எண்? நீங்கள் எழுதவில்லை. தலைமை நர்ஸ் அடுத்த வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பாராம்.

இப்படிக்கு,
அவசரத்தில் இருப்பவள்


மார்ச் 13

சம்பந்தியம்மாவுக்கு,

மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா? வேண்டுமென்றேதான் எழுதவில்லை. என் பெயரை நீங்கள் விடுவீர்கள் என்று தெரியும். அதனால் நானும் ஒன்றை விட்டுவைத்தேன். பெயருக்கு இடம் கிடைத்ததா என்று பேத்தியிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். எண்ணை அவளிடமே சொல்லப் போனால், "என்கிட்ட சொல்லாதீங்க, அவங்களுக்கு எழுதுங்க" என்று வைத்துவிட்டாள். பிடிவாதம் எந்த வீட்டுப் பக்கம் என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நூல் மாற்ற எண் ஏழு.

அந்த மரவட்டைத் துணியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
பெயர் உள்ளவள்


மார்ச் 21

சம்பந்தியம்மாவுக்கு,

பூ வந்துவிட்டது. இலை பச்சை, இதழ் சிவப்பு, நடுவில் மஞ்சள். சீருடைகள் நேற்றே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தன. தலைமை நர்ஸ் படுக்கை விரிப்புகளுக்கும் சொல்லியிருக்கிறார். கடை மூடவில்லை.

நீங்கள் கேட்ட துணியை இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறேன். போட்டும் நெளிவு போகவில்லை.

"அடுத்த பூவுக்கு அவங்ககிட்ட என்ன கேட்கணும், சொல்லு. எழுதிப் போடுறேன்" என்று பேத்தியிடம் கேட்டேன். "ஒண்ணும் கேட்க வேணாம் பாட்டி. ஒரு தடவை விவரம் சரியா எழுதியாச்சுல்ல, இனி எல்லா ஃபைலையும் இதே புரோகிராம் படிச்சிரும்" என்றாள். ஒவ்வொன்றாகத் திறந்தும் காட்டினாள். ரோஜா, கொடி, வாத்து, எல்லாம் கேட்காமலே வந்து நின்றன.

நல்ல வசதிதான். நான் குறை சொல்லவில்லை. இருந்தாலும் அந்தக் கம்பைலர் இத்தனை கெட்டிக்காரத்தனமாக இருந்திருக்க வேண்டாம்.

அது கிடக்கட்டும். நம் பேத்தி பிறந்த அன்று, என் ஆட்கள் எல்லாரும் நிற்கும்போது, "மூக்கு அப்படியே எங்க வீட்டு மூக்கு" என்றீர்கள். குழந்தை என் கையில் இருந்ததால் அன்று பேசாமல் விட்டேன். அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. விவரமாக எழுதவும். ஒரு பக்கத்தில் முடித்தால் ஏற்க மாட்டேன்.

இப்படிக்கு,
தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும் சம்பந்தி