பப்பாளி மரத்தை வெட்டிவிட்டார்கள், அப்பா

என் அன்பு அப்பாவுக்கு,

நீ பொய் சொல்லித்தான் எனக்குக் கல்யாணம் செய்துவைத்தாய். செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

என் ரத்தத்தில், அதை உறையவைக்கிற தட்டணுக்கள் குறைவு. பள்ளியில் படிக்கும்போதே எங்கும் இடித்துக்கொள்ளாமலே கையிலும் காலிலும் நீலம் பாரிக்கும். மூக்கில் ரத்தம் வந்தால் நிற்காது. இது சட்டென்று தீர்கிற நோய் இல்லை, கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று பெங்களூர் டாக்டர் சொன்னார். கம்பெனி பஸ் ஓட்டி நைட் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, தூங்காத கண்ணோடு நீதான் என்னை அங்கே அழைத்துப் போவாய். அம்மா இல்லாத வீடு. பப்பாளி இலைச் சாற்றால் இந்த நோய் தீராது என்று டாக்டர் சொல்லியும் நீ விடவில்லை. இடித்துப் பிழிந்து கொடுத்துவிட்டு, "கசக்குதா பாப்பா? மூக்கப் புடிச்சிக்க" என்று உன் மூக்கைப் பிடித்துக்கொள்வாய்.

அந்த நீதான், பெண் பார்க்க வந்தவர்களிடம், "எம் பொண்ணு ஒரு தலவலின்னு படுத்ததில்லீங்க" என்றாய். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு கொழந்த பொறக்கற வரைக்கும் வாயத் தொறக்காத. அதுக்கப்புறம் யாரு கேக்கப் போறாங்க?" என்றாய்.

குழந்தை பிறக்கும்போதுதானே, அப்பா, டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்? இது உனக்குத் தோன்றவே இல்லையா?

மாப்பிள்ளை குடிக்கிறான் என்றால், "பிரெண்ட்ஸோட எப்பவாவது" என்று முடித்துவிடுகிற ஊர் இது. பெண்ணின் ரத்தத்தில் குறை என்றால் தரகர் போனையே எடுக்க மாட்டார். நீ பயந்தாய். உன்னைப் பயப்பட வைத்தவர்கள் எல்லாம் என் கல்யாணப் பந்தியில் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஓசூரில் என் மாமியார் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது ஒரு பப்பாளிக் கன்றோடு வந்தாய். "நல்ல ஜாதிங்க, பழம் சக்கரையா இருக்கும்" என்று நீயே கொல்லையில் நட்டாய். "பொண்ண ஒரு நாள் கூட்டிட்டுப் போறேங்க" என்று அவ்வப்போது வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாய். போன வருஷம் நீ போய்ச் சேர்ந்தாய். அதோடு என் பரிசோதனையும் நின்றது.

இந்த ஆண்டு எனக்கு நாள் தள்ளியது. மாமியாரிடம் சொன்ன மறுநாள், நான் கம்பெனியில் வேலை முடிந்து வந்தால், மரம் வெட்டிக் கிடக்கிறது.

"மாசமா இருக்கறவ வீட்டுல பப்பாளி எதுக்கு? வாய் சும்மா இருக்காது. தின்னா கலைஞ்சு போயிடும்" என்றார் அத்தை.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"ஏண்டி, ஒரு மரத்துக்கா இந்த அழுகை? மாம்பழம் வாங்கித் தரேன், எந்திரி."

"அது பழத்துக்கு வெச்சதில்ல அத்தை. என் ரத்தத்துக்கு வெச்சது."

எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை கையில் மரம் வெட்டிய கத்தியோடு நின்றார். "சக்கரையா இருக்கும்னாரே அந்த மனுசன்! இத மறைச்சா பொண்ணக் குடுத்தாரு?"

அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் போட்டார். உன் மருமகன் வேறு மாதிரி. "நீ போய்ப் போய் முட்டிக்கறேன்னு கட்டில் ஓரமெல்லாம் துணி சுத்தி வெச்சேனேடி. நான் என்ன லூசா?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் மறுநாள் லீவு போட்டு என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அத்தையும் முகத்தைத் திருப்பிக்கொண்டே கூட வந்தார்.

தட்டணுக்கள் குறைந்திருந்தன. மாத்திரை தொடங்கினார்கள். பிரசவம் நெருங்கும்போது எண்ணிக்கையை ஏற்ற வேண்டும், ரத்த வங்கி இருக்கிற இடத்தில்தான் பிரசவம், முதுகில் ஊசி போடுவதைக்கூட யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார் டாக்டரம்மா. அத்தை பார்த்துவைத்திருந்தது எங்கள் தெருமுனை நர்சிங் ஹோமை. "சொல்லாம அங்க போயிருந்தீங்கன்னா..." என்று தொடங்கிய டாக்டரம்மா முடிக்கவில்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திருந்திவிட்டார் என்று நினைக்காதே. நேற்று பக்கத்து வீட்டம்மா கேட்டதற்கு, "ரத்தம் கொஞ்சம் கம்மி, பேரீச்சம்பழம் குடுத்தா சரியாயிடும்" என்கிறார். உன்னைப் போலவே பொய்.

"ரத்தம் கம்மி இல்லீங்க. தட்டணு குறையற நோய். சின்ன வயசுல இருந்து இருக்கு" என்றேன் நான்.

என் இடுப்பைக் கிள்ள வந்த அத்தையின் கை பாதியில் நின்றது. நீலம் பாரிக்குமே என்று நினைத்திருப்பார். அப்படியே தடவிக் கொடுத்தார்.

இப்போது ஐந்தாம் மாதம். பிறந்ததும் குழந்தைக்கும் ரத்தம் பார்ப்பார்களாம். குறைவாக இருந்தாலும் பெரும்பாலும் சரியாகிவிடுமாம். எதுவானாலும் மறைக்க மாட்டேன். கேட்கிறவர்களிடம் உள்ளதைச் சொல்லித்தான் வளர்ப்பேன். இது சத்தியம்.

நீயும் ஒன்று செய். எனக்குக் கோபம் தீர வேறு வழியில்லை. "எம் பொண்ணுக்கு இந்த நோவு இருக்குதுங்க, பாத்துக்குங்க" என்று ஒரே ஒரு தடவை, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்.

சொல்லுப்பா.

உன் ஒரே மகள்,
செல்வி