சீவ முடியாத தேன் பாட்டில்

சான்பீட், யூட்டா
ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்து வந்து

அன்பு மகள் ஜனீலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் இடது முட்டி மட்டும் மழை வரும் முன்னால் முனகுகிறது. அங்கே அலாஸ்காவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டூட்டி முடிந்து வந்தால் போனை நோண்டாமல் தூங்கி, நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். உன் ஆர்டித் அத்தை மட்டும் நலமாக இல்லை. அந்த நல்ல சேதியைப் போனில் அவசரமாகச் சொல்லி வீணாக்க மனமில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஒரு கப் சூடான சாக்லேட் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து நிதானமாகப் படி.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் கொஞ்சமாவது ஆறும். நீ கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்பிய நம் யூட்டாவின் அந்த செகோ லில்லிப் பூவை நான் கெட்டித் தாளில் அச்சடித்து, வெட்டி, மடித்து, மேலே கையால் சுருட்டிய காகித இதழ்களை ஒட்டி டப்பா செய்து, பிள்ளை பெற்ற வீட்டுக்கும் துக்கம் நடந்த வீட்டுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. ஆர்டித் வந்து, கிறிஸ்துமஸுக்கு நாலு பேருக்குக் கொடுக்கணும் அண்ணி, அந்தப் படத்தை ஒரு பென் டிரைவில் போட்டுக் குடுங்க என்றாள். அப்பாவின் கூடப்பிறந்தவள் ஆயிற்றே என்று கொடுத்தேன். மறு மாதமே அதைத் தன் பெயரில் இன்டர்நெட்டில் கடை போட்டு விற்றாள். நீ மரியாதையாக எழுதிக் கேட்டதற்கு, சபைப் பெண்களிடம் போய், "சின்னப் புள்ளைல என் மடியில உக்காந்து வரையக் கத்துக்கிட்டவ, இப்ப என் பூவையே தன்னோடதுங்கிறா, போகட்டும், குழந்தைதானே" என்று வாய் கூசாமல் சொன்னாள். அந்த வருஷம் நன்றி நாள் விருந்தில் எல்லோரும் அவள் பூவைத் தலைமேல் தூக்கிவைத்து ஆடினார்கள். நீ தட்டில் இருந்த வான்கோழியைத் தொடாமல் எழுந்து போனாய், மறுநாள் காலையில் விமானம் ஏறிவிட்டாய். அன்றிலிருந்து நீ ஒரு கோடுகூடப் போடவில்லை என்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. புதுப் படம் எங்கே என்று நான் கேட்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் வேலை அதிகம் என்கிறாய். உன் கையை முடக்கிப் போட்டவளை நான் சும்மா விடுவேனா? பிஷப் ஹால்வர்சன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மன்னிச்சிடுங்க சிஸ்டர் வெர்லா, மனசு லேசாயிடும் என்றார். சரிங்க பிஷப் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து என் வெட்டுக் கத்திக்குப் புது பிளேடு போட்டேன்.

அதற்கப்புறம் நான் காத்திருந்தேன். இந்த வசந்தத்தில் அத்தை மகள் கேம்ரிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டில் தேனீ வளர்க்கிறார்கள், வரவேற்புக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பாட்டில் தேன் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கு டப்பா வேண்டும். டப்பாவின் மேல் பூ வேண்டும். ஆர்டித்துக்கோ ஒரு முட்டையைக்கூட நேராக வரையத் தெரியாது. பச்சை ஜெல்லி ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணி, பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க, அந்தப் பூவையே தேன் பாட்டில் அளவுக்கு ஒரு டப்பாவா ஆக்கிக் குடுங்க, நம்ம கேம்ரிக்காக" என்றாள். உடனே சரி என்றேன். அவள் போனதும் உன் அப்பா பேப்பரைக் கீழே இறக்கி, "ஏ வெர்லா, நீ அழுதாக்கூட எனக்குப் பயமில்ல, இப்படிச் சிரிக்காத" என்றார். நான் ஜெல்லியைக் கொண்டுபோய்க் கோழிகளுக்குப் போட்டேன்.

நீ போனில் என்னைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தாயே, அதே மாதிரி பாட்டிலைச் சுற்றி அளந்து, மடிப்புக்கு இடம் விட்டு, தாளின் விளிம்பு வரை பூவைப் பரப்பி, டப்பாவைக் கம்ப்யூட்டரில் போட்டேன். அளவில் ஒரு மயிரிழை பிசகில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஆர்டித்திடம் சொல்லவில்லை. அச்சடிக்கும் முன்னால் பக்கத்துக்குள் அடக்கு என்று ஒரு கட்டத்தில் தானாகவே டிக் விழுந்திருக்குமே, அதை எடுக்காவிட்டால் மிஷின் விளிம்பில் இடம் விடுவதற்காக மொத்தத்தையும் சத்தமில்லாமல் சுருக்கிவிடும். வரைகிறவளுக்கும் வெட்டுகிறவளுக்கும் அது தெரியும், முதல் தாளில் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை அடிப்பார்கள். ஆர்டித்துக்குத் தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? அந்தக் கிறிஸ்துமஸில் உன் டப்பாவுக்குள் அவள் வாங்கிய சோப்பு போகவில்லை, கடைக்காரனைத் திட்டிக்கொண்டே சமையல் கத்தியால் சோப்பைச் சீவி உள்ளே திணித்தாள். அதை என் கண்ணால் பார்த்தேன். சோப்பைச் சீவலாம். தேன் பாட்டிலைச் சீவ முடியாது.

கல்யாண வாரத்தில் சபைக் கூடத்தில் பெண்கள் எல்லோரும் கூடினோம். ஆர்டித் எல்லாத் தாளையும் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். நடுவில் நின்றுகொண்டு, இதழை இப்படிச் சுருட்டு, மடிப்பை அப்படிக் கீறு என்று அதிகாரம் செய்தாள். நான் ஓரமாக உட்கார்ந்து பின்னல் ஊசியில் இதழ் சுருட்டிக்கொண்டிருந்தேன், வாயையே திறக்கவில்லை. நம் சபை நொரீன் பாவம், அந்த வாத விரல்களோடு வெட்டினாள், அதைப் பார்க்கும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. எல்லாம் வெட்டி, மடித்து, ஒட்டி முடித்த பிறகுதான் மாப்பிள்ளையின் அம்மா தேன் பாட்டில்களோடு வந்தாள். நொரீன் முதல் பாட்டிலை உள்ளே விட்டாள், போகவில்லை. அழுத்தினாள், டப்பா மூலையில் கிழிந்தது. அடுத்ததும் கிழிந்தது. "ஏன் ஆர்டித், நீ வரைஞ்சதுதானே, அளவு எப்படித் தப்பும்?" என்று நொரீன் கள்ளமில்லாமல் கேட்டாள். ஜனீல், அந்த ஒரு நிமிஷம் அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அதோடு விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "ஜனீல் என் படத்த எடுத்து நோண்டினாள்ல, அப்பவே கெடுத்து வச்சிருக்கா" என்றாள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும் உன்மேல் பழியைப் போட்டாள். என் கையில் இருந்த ஊசி வளைந்தே போயிற்று.

அன்று ராத்திரியே கேம்ரி வந்தாள். "மாமி, அம்மா பண்ணினதுக்கு நான் ஒண்ணும் பண்ணலையே, என் கல்யாணத்துல கிழிஞ்ச டப்பாவா குடுக்கறது" என்று அழுதாள். அந்தப் பெண் அழுததை நான் எதிர்பார்க்கவில்லை, என்ன இருந்தாலும் சின்ன வயதில் உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள். அத்தனையும் நானே புதிதாகச் செய்து தருகிறேன் என்றேன். மறுநாள் ஆர்டித்திடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன், ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் பூ வரைந்தவள் ஜனீல் ஜோர்கன்சன் என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதை நீயே உன் கையால் விருந்தாளிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள். அந்தக் கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டு அச்சடித்தேன், ஒவ்வொரு பாட்டிலும் உறையில் கை நுழைகிற மாதிரி உள்ளே போயிற்று. உன் அப்பாவும் உட்கார்ந்து பசை தடவினார். தங்கச்சிக்கு எதிராக வேலை செய்கிறோமோ என்று கேட்டுக்கொண்டே தடவினார்.

கல்யாணத்தன்று சபைக் கூடத்தில், வழக்கம்போல, பிள்ளைகள் பந்து விளையாடும் அந்தக் கூடைப்பந்து வளையத்தில் வெள்ளை ரிப்பன் சுற்றி மறைத்திருந்தார்கள். ஆர்டித் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் டப்பா கொடுத்தாள், முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்குச் சந்தேகம் வந்தது, ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் உன் பெயர்மேல் தங்க நிறத்தில் ஒரு இதய ஸ்டிக்கர். எல்லா டப்பாவிலும் ஒட்டியிருந்தாள். "அழகா இருக்கட்டுமேன்னு ஒட்டினேன் அண்ணி" என்றாள். ஆமாம், அழகாகத்தான் இருக்கிறது என்று நானும் சொன்னேன். என் நாத்தனாரை எனக்குத் தெரியாதா? மூடியின் உள்பக்கத்தில் நான் பெரிய எழுத்தில் ஏற்கனவே அச்சடித்துவிட்டேன்.

பிஷப் ஹால்வர்சனுக்கு இனிப்பு என்றால் உயிர், காதும் மந்தம். உட்கார்ந்தவுடன் மூடியைத் திறந்தார், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிரசங்கத்தில் பேசுகிற அதே குரலில் கூடமே கேட்கும்படி வாசித்தார். இந்தப் பூவை வரைந்தவள் ஜனீல் ஜோர்கன்சன், இதற்கு முன்னால் நீங்கள் பார்த்த பூவையும் வரைந்தவள் அவளே. வாசித்துவிட்டு, "அப்படியா? நம்ம ஆர்டித் இல்லையா?" என்று இன்னும் சத்தமாகக் கேட்டார். அவ்வளவுதான், ஒவ்வொரு மேஜையிலும் டக் டக் என்று மூடிகள் திறந்தன. அப்போது ஆர்டித் கையில் அடுத்த விருந்தாளிக்கு நீட்டிய டப்பா இருந்தது. கொடுக்கவும் முடியவில்லை, இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. நொரீன் எழுந்து போய் அதை அவள் கையிலிருந்து வாங்கி, ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அந்த இன்டர்நெட் கடையை ஆர்டித் இப்போது மூடிவிட்டாள் என்று கேம்ரி சொன்னாள். இன்று சபையில் ஆர்டித்துக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது, உன் அப்பா மட்டும் மனசு கேட்காமல் போய் உட்கார்ந்தார், உட்காரட்டும்.

நான் இந்தச் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருப்பேன் என்று நினைப்பாய். கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த டப்பாக்களை அடுக்கும்போது பார்த்தேன், எல்லாவற்றிலும் அதே பழைய பூ. எனக்கு அச்சடிக்கத் தெரியும், வெட்டத் தெரியும், பழிவாங்கவும் தெரியும். வரையத் தெரியாது. அவள் உன்னிடமிருந்து எடுத்ததில் பெயரைத்தான் நான் பிடுங்கிக் கொடுத்திருக்கிறேன், மற்றது இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. நீ சும்மா உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஜெயித்தவள் அவள்தான். எனக்கு அது பொறுக்கவில்லை ஜனீல். உன் ஜன்னலில் தெரியும் எந்தக் களைப்பூவாக இருந்தாலும் சரி, வரைந்து அனுப்பு, அன்றைக்குத்தான் ஆர்டித்தை மன்னிப்பேன், பிஷப்பிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

கடிதத்தோடு ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன், உள்ளே கேம்ரியின் தேன். அந்த ஒன்றில் மட்டும் மேல்பக்கத்தைப் பூவில்லாமல் வெள்ளையாக விட்டிருக்கிறேன். கர்த்தர் உன் கண்ணையும் கையையும் காப்பாராக. காலுறை இரண்டு போட்டுக்கொள். படம் அனுப்பும்போது விளிம்பு வரைக்கும் வரை, அந்த டிக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு
இன்னும் யாரையும் மன்னிக்காத உன் அம்மா,
வெர்லா