நம் நாட்டுக்கு நான் போட்ட விலை

வாலு,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு. நாலு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். அப்பா வந்த பிறகு கதவைத் திற.

"உங்க கம்பெனி கேம் எனக்கு ஓசியில கிடைச்சு என்னம்மா பிரயோஜனம்? இந்த விலைக்கு என் தோழிங்க மூணு பேராலயும் வாங்க முடியல, கூட விளையாட ஒருத்தியும் இல்ல. சித்தி இருக்கிற நாட்டுல இதுவே பாதி விலை!" என்று நேற்று கத்தினாய். "விலையெல்லாம் பெரிய தலைங்க முடிவு பண்றது" என்று சொல்லி உன் வாயை அடைத்தேன்.

பொய். நாடு நாடாக விலை போடுவது நான்தான். மற்ற நாடுகளுக்கெல்லாம் அங்கே சம்பளம் என்ன என்று பார்த்துப் பார்த்துக் குறைத்தேன். நம் நாடு எனக்குத் தெரியாதா என்ற மிதப்பில், டாலர் விலையிலிருந்து கம்ப்யூட்டர் தானாக மாற்றிப் போட்ட விலையை அப்படியே விட்டுவிட்டேன்.

இன்று மேனேஜர் முன்னால் போய் நின்று, தப்பு என்னுடையது என்று சொல்லப் போகிறேன். விலையைக் குறைக்கச் சம்மதிக்கும்வரை நகர மாட்டேன்.

அம்மா

இன்னொன்று (இடமில்லை, பொடி எழுத்துதான்): தோழிகளுக்காக உண்டியலை உடைத்துவிடாதே. மேனேஜர் மசியவில்லையென்றால், நான் போட்ட விலையை நானே கொடுத்து மூன்று பேருக்கும் வாங்குகிறேன். எனக்கும் உறைக்கட்டும்.