என் யன்னலுக்கு வந்த குருவித்தட்டு

மச்சாள்,

இன்று வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே பேஸ்மென்டுக்கு இறங்கிப் புது விதைப் பையை வெட்டினேன். கோது நீக்கிய சூரியகாந்தி விதையின் மணம் குப்பென்று எழுந்தது. எண்ணெயும் தூசியும் கலந்த அந்த மணம் உங்கள் ஸ்வெட்டரில் எப்போதும் இருந்தது. அப்படியே படியில் இருந்துவிட்டேன். எழும்ப நேரம் பிடித்தது. என்னவென்று இவர் மேலிருந்து கேட்டார். முழங்கால் நோகிறது என்றேன்.

இவருடைய அக்கா என்பதற்கு மேல் உங்களை நான் அறிய விரும்பியதில்லை. அத்தான் செத்த பிறகு நீங்கள் மேல்மாடிக்குக் குடிவந்தபோது, தனித்துப்போன மனுசி இனிப் பக்கத்திலேயே இருப்பா என்று இவர் சந்தோசப்பட்டார். துறைமுகப் பக்கத்துக் களஞ்சியத்தில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு, மெட்ரோவும் பஸ்ஸும் மாறி வருகிறவளுக்கு ஒரு ஆள் கூடினால் ஒரு வேலை கூடும் என்பதுதான் என் கணக்கு.

நீங்கள் வேலை வைக்கவில்லை. குருவிகளைத்தான் கொண்டுவந்தீர்கள்.

குருவிகளுக்கு விதை போட நீங்கள் செய்த முதலாவது தட்டு, தோடம்பழச் சாறு வந்த மட்டைப் பெட்டி. உடுப்புக் காயப்போடும் கொடியில் தொங்கவிட்டீர்கள். ஒரு அணில் கொடிவழியே நடந்து வந்து, பெட்டியோடு சேர்ந்து விழுந்தது. இரண்டாவதை இவர் கொண்டுவந்த பலகைத் துண்டுகளில் நீங்களே அடித்தீர்கள். அதை முற்றத்து நடுவில் ஒரு கம்பத்தில் வைத்த கிழமையே, கறுத்த தொப்பி போட்டதுபோன்ற தலையுள்ள சின்னக் குருவி ஒன்று பயந்து பறந்து, உங்கள் யன்னல் கண்ணாடியில் மோதிச் செத்தது. அதைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு விதைக் கடைக்கே போனீர்கள். 'பொன்ஜூர்', 'மெர்சி' தவிர வேறு பிரெஞ்சு தெரியாத நீங்கள், அந்தக் கடைக்காரனிடம் எப்படித்தான் விசயத்தை எடுத்தீர்களோ. திரும்பி வந்து எனக்குச் சொன்னீர்கள்:

"கண்ணாடிக்குக் கிட்ட வைக்கவேணுமாம். இல்லாட்டி நல்லாத் தள்ளி வைக்கவேணுமாம். இடையில வைச்சால் வேகம் எடுத்து அடிபடுமாம்."

நான் சோறு வடித்துக்கொண்டு நின்றேன். "ஓம்," என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் தள்ளி, வேலியோரம் வைத்தீர்கள். குருவிகள் தப்பின. ஆனால் அவை கொத்திப் போட்ட விதைக் கோது நிலத்தில் குவிந்தது. அந்த மார்கழியில் என் குசினி அலுமாரிக்குள் எலிப்புழுக்கை கண்டேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் அரிசி, பருப்பு, மா எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்தேன். வாரத்தில் நான் ஆறி இருக்கக்கூடிய ஒரே நாள் அது. மேலே வந்து உங்களிடம் சொல்லியிருக்கலாம். பதினாறு படிதான். அதற்கும் எனக்குத் தெம்பில்லை என்று அப்போது நினைத்தேன். உண்மையில் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை. வீட்டுச் சொந்தக்காரருக்கு ஃபோன் எடுத்து, குருவித்தட்டால் எலி வருகிறது என்றேன். என் பெயரைச் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

அவர் வந்தது நான் வேலைக்குப் போயிருந்த நேரம். நான் திரும்பி வந்தபோது கம்பம் இல்லை. அந்த உறைபனி வழுக்கலில், இழுத்து இழுத்து நடக்கிற அந்தக் காலோடு, நீங்களே பிடுங்கியிருந்தீர்கள்.

குருவிகள் ஐந்தாறு நாள் வந்தன. வேலிக் கம்பியில் குந்தி, கம்பம் நின்ற குழியைப் பார்த்துவிட்டுப் போயின. கறி வைத்தால் நீங்கள் முன்பு போலவே ஒரு கிண்ணம் கொண்டுவந்து கதவடியில் வைத்தீர்கள். முருங்கைக்காய், ஒருநாள் கணவாய். மூன்று கிழமை நான் அதைச் சாப்பிட்டேன். பிறகு ஒரு பின்னேரம் என்னால் விழுங்க முடியவில்லை. கிண்ணத்தோடு மேலே ஏறி வந்தேன்.

"மச்சாள், சொந்தக்காரனுக்குச் சொன்னது நான்தான்."

நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை.

"தெரியும்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எலி வந்தது உன்ர வீட்டுக்குத்தானே. வேற ஆர் சொல்லுறது?"

"பிறகேன் கறி கொண்டுவந்தனீங்கள்?"

"நீ வேலையால வந்து வாசல்ல நிண்டு மூச்சு வாங்கிறனி. எனக்கு மேல கேக்கும்." ஒரு வெங்காயத்தை முழுதாக உரித்து முடித்த பிறகுதான் மற்றதைச் சொன்னீர்கள். "ஆனா என்னட்டை வந்து சொல்லியிருக்கலாம். அதுதான் எனக்கு நொந்தது."

நான் அழுதேன். நீங்கள் கத்தியை என் பக்கம் தள்ளி, மிச்ச வெங்காயத்தை வெட்டச் சொன்னீர்கள்.

கோதில்லாத விதை, சிந்துவதை ஏந்தக் கீழே ஒரு தட்டம், எலியும் அணிலும் ஏறாமல் கம்பத்தைச் சுற்றித் தகரக்குழாய் என்று எல்லாம் யோசித்து, சொந்தக்காரரிடம் இருவருமாகப் போய்க் கேட்டோம். இடத்தை நீங்கள்தான் முடிவுசெய்தீர்கள். என் குசினி யன்னலுக்கு ஒரு முழம் தள்ளி. அங்கே வைத்தால் மேலிருந்து உங்களுக்குத் தெரியாது என்றேன். "கூட்டித் துடைக்கிறதுக்கு அதுதான் சுகம்," என்றீர்கள். "எனக்குப் பார்க்கவேணுமெண்டால் கீழ வாறன்."

இரண்டு மாரிக்குளிருக்கும் கீழே வந்தீர்கள். நான் களைத்துக் கதிரையில் கிடப்பேன். நீங்கள் தேத்தண்ணீரோடு யன்னலடியில் நிற்பீர்கள். நாங்கள் அதிகம் கதைத்ததில்லை. சிவப்புக் குருவி வந்தால் மட்டும், "எழும்பாதை, நான் சொல்லுறன்," என்று அது செய்வதையெல்லாம் மெதுவாகச் சொல்வீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். சில நாள் அப்படியே நித்திரையாகிவிடுவேன்.

போன ஐப்பசியில் உங்களுக்கு நெஞ்சு நொந்தபோது நான் வேலையில் நின்றேன். நான் வந்து சேருமுன் உங்கள் மூச்சு நின்றுவிட்டது.

இப்போது தட்டத்தைக் கழுவுவதும் விதை போடுவதும் நான்தான். அன்போடு செய்கிறேன் என்று உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன். பல நாள் எரிச்சலோடுதான் செய்கிறேன். "ஏலாட்டி விடு, கழட்டுவம்," என்கிறார் இவர். பிறகு பார்ப்போம் என்கிறேன்.

போன கிழமை வேலையில் ஒன்று நடந்தது. என் மேசையில் நிற்கும் பெண் பெட்டிகளைச் சரியாக ஒட்டாமல் விடுகிறாள். நான் திரும்பப் பிரித்து ஒட்டவேண்டியிருக்கிறது. முன்பென்றால் நேரே மேற்பார்வையாளரிடம் போயிருப்பேன். இந்த முறை மதிய இடைவேளையில் அவளுக்கு முன்னால் போய் இருந்து, எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். அவளுக்குக் கோபம். இன்றுவரை என்னோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.

பரவாயில்லை, மச்சாள். சொன்னது யார் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.