ஸ்வாதி கொடுத்த காகிதம்

ஷார்ஜா,
வியாழக்கிழமை.

அன்பு மச்சானுக்கு ரம்ஸியா எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்க முட்டுவலி தேவலையா? நான் அல்லாஹ் காவல்ல நல்லா இருக்கேன். போன்ல பேசினா குரல் காட்டிக் கொடுத்துரும், அதான் எழுதுறேன்.

பயப்படாதீங்க, பெருசா ஒண்ணுமில்ல. நான் பிள்ளைகளை ஏத்தி இறக்குற ஸ்கூல் பஸ்ல ஒன்பதாம் கிளாஸ் அக்ஷய் திக்கித் திக்கிப் பேசுவான். யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க. அதே பஸ்ல வர்ற ஸ்வாதிக்குக் காது கேக்குற மெஷின், அவளையும் சேர்க்க மாட்டாங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சது நான்தான். அவன் ஒரு வார்த்தையை முடிக்கிற வரைக்கும் அவ அவன் வாயையே பார்த்துக்கிட்டு இருப்பா.

அவ அப்பாவுக்கு வேலை போச்சு. போன வாரம் குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டாங்க. கடைசி நாள் அவனுக்குக் காய்ச்சல், வரல. "அவன்கிட்ட மட்டும் கொடுங்க ஆன்ட்டி"ன்னு ஒரு காகிதத்தை என் கையில வச்சா. பிள்ளைங்க எது கொடுத்தாலும் சூப்பர்வைசர்கிட்ட ஒப்படைக்கணும், மச்சான். பஸ்ல கேமரா வேற. பயந்து கொடுத்துட்டேன். அவர் படிச்சுச் சிரிச்சார். "வெறும் ஊர் விலாசம்தான்"னு கிழிச்சுப் போட்டார்.

அவ எதாவது கொடுத்தாளான்னு அக்ஷய் தினமும் கேக்குறான். கேட்டு முடிக்கவே ரெண்டு ஸ்டாப் ஆயிடுது. இல்லைன்னு சொல்றேன்.

ஊர்லேர்ந்து வர்றவங்ககிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்க. பதில் கடிதத்தை மட்டும் யார் கையிலயும் கொடுக்காதீங்க, தபால்லயே போடுங்க. டிரைவர் ஹார்ன் அடிக்கிறார்.

ரம்ஸியா